டி டிரைவில் இருந்த குரல்

என் அக்கா புருஷனுக்குக் கடைத்தெருவில் ‘டி டிரைவ்’ என்றுதான் பேர். சொந்தப் பேரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கெட்டுப்போன கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு யார் படியேறி வந்தாலும், என்ன கோளாறு என்று அத்தான் முதலில் கேட்க மாட்டார். “முக்கியமானதெல்லாம் டி-ல இருக்கா?” என்றுதான் கேட்பார். “எல்லாம் டெஸ்க்டாப்லயே கிடக்குங்க” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அடுப்பை அணைக்காமல் வெளியூர் கிளம்பியவரைப் பார்ப்பது மாதிரி அந்த ஆளைப் பார்ப்பார். அப்புறம் பாடம் ஆரம்பமாகும்.

“ஹார்ட் டிஸ்க் ஒண்ணுதான் சார். ஆனா அதை ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கேன். சி-ங்கறது வாசத் திண்ணை மாதிரி. யாரு வேணா வருவாங்க, போவாங்க, வைரஸ் வரும், சிஸ்டம் படுத்துக்கும். நான் அதை அழிச்சுட்டு மறுபடி போடுவேன். டி-ங்கறது உள்ரூம் பீரோ. அதுல நான் கை வைக்கவே மாட்டேன். ஃபோட்டோ, படிப்பு, பத்திரம் எல்லாம் அங்க வைங்க.”

கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். நான் அதே கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறவள். திருமண அழைப்பிதழ், வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பிராஜெக்ட் என்று வருவதையெல்லாம் அடித்துக் கொடுப்பேன். எத்தனை பெரிய டிஸ்க் வந்தாலும் அத்தான் சரிபாதியாகத்தான் பிரிப்பார், ஒரு எம்.பி. கூடக் குறைய இருக்காது. சொந்தத்தில் பாகம் பிரித்தபோது ஏமாந்த மனுஷன், அந்தக் கோபத்தை ஹார்ட் டிஸ்க்கில் தீர்த்துக்கொள்கிறார் என்று அக்கா கேலி செய்வாள். அதற்கும் அவர் வாயைத் திறக்க மாட்டார். ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்துகொள்வார்.

பேச வேண்டியதையெல்லாம் அக்கா பேசினாள். மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டிய கடை அது. உள்ளே பக்கம் பக்கமாகச் சாய்த்து வைத்த சி.பி.யூ. பெட்டிகள், தூசி ஊதுகிற ப்ளோயரின் இரைச்சல், சூடான பிளாஸ்டிக் வாசனை. அத்தனைக்கும் மேலே அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். “நாளைக்கு வாங்க, இன்னும் ஆகல!” “அந்த ஒயரைத் தொடாதீங்க, சொன்னாக் கேளுங்க!” போனில் பேசினால் போனே தேவையில்லை என்று எதிர்க்கடைக்காரர் சொல்வார். புருஷனிடம் கோபம் வந்தாலும் கடை நடுவில் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். அவர் கேட்டுக்கொண்டே வேலையைச் செய்வார். அவள் ஒருநாள் திட்டாவிட்டால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். “உடம்புக்கு முடியலையா?” என்பார்.

அந்தத் தொண்டை கட்டிக்கொண்டபோது கத்திக் கத்திக் கட்டியது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மிட்டாய் சப்பினாள், வெந்நீர் குடித்தாள். சரியாகவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, சதை வெட்டி எடுத்துச் சோதித்துவிட்டு, டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். புற்று. குரல்வளையை முழுக்க எடுத்தாக வேண்டும். எடுத்தால் பிழைப்பாள், ஆனால் பேச முடியாது. மூச்சுக்கே கழுத்தில் துளை போட வேண்டும்.

அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “வேணாம்.”

அத்தான் கெஞ்சினார். நான் சண்டை போட்டேன். வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற அவள் பெண் போனில் அழுதாள். எதற்கும் மசியவில்லை. “பேசாம இருந்து நான் என்ன பண்ணப் போறேன்? இருக்கற வரைக்கும் பேசிட்டுப் போறேன், விடுங்க” என்றாள். கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவியை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். இன்னொரு நோயாளி அதை வைத்துப் பேசிக் காட்டினார். டப்பாவுக்குள் வண்டு அடைத்த மாதிரி இருந்தது. அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

அவள் மனசை மாற்றியது ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு சின்னப் பெண். ஆபரேஷனுக்கு முன்னாடியே சொந்தக் குரலில் வேண்டியதையெல்லாம் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம், அப்புறம் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரும், கட்டத்தை அழுத்தினால் உங்கள் குரலே பேசும் என்றாள் அந்தப் பெண். அந்த புரோகிராமுக்குக் காசு கிடையாது, லினக்ஸில் நன்றாக ஓடும் என்றும் சொன்னாள். லினக்ஸ் என்றால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய சிஸ்டம். அத்தானுக்கு முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி யாரும் ஒரு வேலை சொல்லியிருக்கவில்லை.

“நம்ம லேப்டாப்லயே போட்டுடலாம். பழசுதான், ஆனா லினக்ஸ் போட்டா நல்லா ஓடும்” என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். “என் குரல்தானே வரும்? வேற எவ குரலும் இல்லையே?”

“உன் குரல்தான்மா.”

“அப்ப சரி.”

சில நாள் காலையில் ஆஸ்பத்திரியின் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். குரல் ஏற்கனவே கரகரத்துப் போயிருந்தது. இருந்தாலும் அது அவள் குரல்தான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும். தண்ணி வேணும், வலிக்குது, லைட்டை அணைங்க, சாப்பிட்டாச்சா என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள், அக்கா சொல்வாள். அதோடு நிற்கவில்லை. திட்டுகளைத் தனியாக ஒரு நாள் முழுக்கச் சொன்னாள். “இவ்வளவு திட்டு எதுக்கு ஆன்ட்டி?” என்று அந்தப் பெண் சிரித்தாள். “எனக்குத் தண்ணி கூட அப்புறம்தான், இதுதான் தினமும் வேணும்” என்றாள் அக்கா. மகளைக் கூப்பிடுகிற ‘குட்டிம்மா’வை மூன்று விதமாகப் பதிவு செய்தாள். கோபத்தில் ஒன்று, கொஞ்சலில் ஒன்று, காரணமே இல்லாமல் சும்மா கூப்பிடுவது ஒன்று. அந்த மூன்றாவதுக்குத்தான் நாலைந்து தடவை முயற்சி செய்தாள்.

எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்த அந்தப் பெண், “இங்க ரொம்ப நாள் வச்சிருக்க மாட்டோம் சார், அடுத்த பேஷண்டுக்கு இடம் வேணும். நீங்க காப்பி எடுத்து வச்சுக்கங்க” என்றாள்.

“டி-ல போட்டுடறேன்” என்றார் அத்தான்.

போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். லேப்டாப்பில் டி டிரைவைத் திறந்து, அக்கா பேரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அத்தனையையும் அதில் இறக்கினார். இரண்டு மூன்றை ஓட விட்டுக் கேட்டுப் பார்த்தார். இனிமேல் கவலையில்லை என்று சொல்லி, லினக்ஸ் இன்ஸ்டால் பண்ண ஒரு பென் டிரைவ் வேண்டுமே என்று தேடினார். கடையில் இருந்ததெல்லாம் கஸ்டமருடையது. அந்தப் பென் டிரைவிலேயே இருந்ததை அழித்துவிட்டு லினக்ஸை எழுதினார். அதில் இருந்ததுதான் டி-க்குப் போய்விட்டதே. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

ஆபரேஷன் அன்று காலை அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடுவதற்குள் அவள் கையைத் தூக்கி என்னவோ சொன்னாள், சக்கரச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. நீளமான வராந்தா, இரும்பு நாற்காலி, பினாயில் நாற்றம். அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்கார்வார், எழுவார், கதவு வரை போவார். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷன். கடைசியில் என்னிடம் வந்து, “நீ இரு. நான் போய் லேப்டாப்பை ரெடி பண்ணிட்டு வந்துடறேன். கண்ணு முழிக்கும்போது பக்கத்துல இருக்கணும்” என்றார். எனக்கும் அவர் போனால் தேவலை என்றிருந்தது. சரி, போங்க என்றேன்.

அங்கே நடந்ததை அவர் வாயால்தான் கேட்டேன். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னார்.

திட்டம் எளிமையானது. டி-யைத் தொடக்கூடாது. சி-யை அழித்துவிட்டு அந்தப் பாதியில் லினக்ஸைப் போட வேண்டும். எத்தனையோ மெஷினில் அவர் சி-யை அழித்திருக்கிறார். ஆனால் லினக்ஸில் சி, டி என்கிற எழுத்தே கிடையாது. டிஸ்க்கின் துண்டுகளுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர்தான் காட்டும். இரண்டும் ஒரே அளவு, சரிபாதி. முதல் துண்டு சி, இரண்டாவது டி என்பது அவர் பிரித்த டிஸ்க் எல்லாவற்றிலும் மாறாத விதி. ஒன்றாம் நம்பரைத் தேர்ந்தெடுத்தார். இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டது. வாழ்க்கை முழுக்க ‘ஆம்’ என்று அழுத்தியே பழகிய கேள்வி அது.

அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும் விதி மாறியிருந்தது, மாற்றியதும் அவரேதான். பல வருஷத்துக்கு முன்னால் கரண்ட் போய், பேட்டரியும் செத்து, வேலை நடுவில் சிஸ்டம் படுத்துவிட்டது. முதல் துண்டில் கஸ்டமருக்கு அன்றே கொடுக்க வேண்டிய வேலை மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வேறு இடத்தில் வைக்க நேரமில்லை. அதனால் அதைத் தொடாமல், காலியாக இருந்த இரண்டாவது துண்டில் புது சிஸ்டத்தைப் போட்டுவிட்டார். எந்தத் துண்டிலிருந்து சிஸ்டம் எழுகிறதோ அதற்குத்தான் சி என்று பேர். ஆகவே அன்றிலிருந்து இரண்டாவது துண்டு சி ஆனது, முதல் துண்டு டி ஆனது. அவசரத்தில் செய்ததை அவர் மறந்தே போனார். எழுத்து மட்டும் திரையில் ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருந்தபோது யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்னதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தானுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அக்காவை வார்டுக்குக் கொண்டுவர இன்னும் நேரமாகும் என்றார்கள். நேரில் சொல்லலாம் என்று ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால், லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். புது சிஸ்டம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

“அத்தான், முடிஞ்சுது! முழுசா எடுத்துட்டாங்களாம், மிச்சம் எதுவும் இல்லையாம்!”

“முழுசாவா?”

“ஆமா. இனிமே பயமில்லன்னார்.”

“நானும் முழுசா எடுத்துட்டேன்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மவுஸைப் பிடித்து, அழிக்காமல் விட்ட இன்னொரு துண்டைத் திறந்து காட்டினார். அதில் பழைய சிஸ்டத்தின் ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. அக்கா பேர் போட்ட ஃபோல்டர் இல்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் கத்தினேன். அக்கா மாதிரியே கத்தினேன் என்று நினைக்கிறேன். “ஊர்ல இருக்கற எல்லாருக்கும் பாடம் எடுத்தீங்களே அத்தான்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ள தொறந்து பார்த்துட்டு அழிக்கக் கூடாதா?”

“அதை சி-ன்னு நெனச்சேனே” என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். அந்தப் பெண் பதறிப்போய்த் தேடிப் பார்த்தாள். அடுத்த நோயாளியின் பதிவு அந்த இடத்தில் ஏறியிருந்தது. “அழிச்சுட்டோமே சார், நீங்க காப்பி எடுத்துட்டேன்னீங்களே” என்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அத்தான் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டி, அழிந்ததைத் தேடி எடுக்கிற புரோகிராமை ஓட விட்டார். டிஸ்க்கில் அழித்தது உடனே போய்விடாது, அதன்மேல் வேறு எதையாவது எழுதினால்தான் போகும். ஆனால் புது சிஸ்டம் அதே பாதியில்தான் போய் உட்கார்ந்திருந்தது. லினக்ஸ் எழுதிய பென் டிரைவிலும் தேடினார், அதில் எதுவும் மிஞ்சவில்லை. காலையில் வார்டு, பகலில் கடை என்று அலைந்தார். பேர் இல்லாத ஃபைல்களாக வந்து விழுந்தன. எப்போதோ, யார் யாரோ கொண்டுவந்து பிரிண்ட் போட்டுப் போனவை. முன்பின் தெரியாதவர்களின் கல்யாண ஃபோட்டோ, யாரோ ஒரு பிள்ளையின் மார்க் ஷீட், பாட்டுகள், பழைய வாடகை ஒப்பந்தங்கள். நாங்கள் வேண்டாமென்று அழித்த குப்பையெல்லாம் நலமாக இருந்தது. அக்காவினுடையதாக ஒரே ஒரு ஒலித்துண்டு வந்தது. இருவரும் ஹெட்போனில் ஆளுக்கொரு காதாக வைத்துக் கேட்டோம். “அடுத்தது சொல்லுங்க ஆன்ட்டி” என்று அந்தப் பயிற்சிப் பெண்ணின் குரல். அதற்கப்புறம் வெறும் இரைச்சல்.

வேறு எங்காவது அவள் குரல் இருக்கிறதா என்று நானும் தேடினேன். அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ரகமில்லை, நேராகப் போன் போட்டுத்தான் பேசுவாள். விசேஷ வீடியோக்களை ஓட விட்டேன். எல்லாவற்றிலும் ஸ்பீக்கர் அலறியது. அக்கா கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை.

வார்டில் அவள் கண் விழித்ததும் ஜாடையில் ஸ்லேட்டைக் கேட்டாள். முதலில் எழுதியது, ‘லேப்டாப்?’

“ரெடியாகிட்டிருக்கு” என்றார் அத்தான்.

வெளியே இழுத்துக்கொண்டு வந்து, “சொல்லிடுங்க அத்தான். நாளைக் கடத்தக் கடத்த மோசம்” என்றேன்.

“தையல் பிரிக்கட்டும். இப்பச் சொன்னா தாங்க மாட்டா.”

தாங்க மாட்டாதவர் யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அழுத்திச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் அதே வார்த்தையை எழுதினாள், அவர் அதே பதிலைச் சொன்னார். அவள் ஸ்லேட்டை அழித்துவிட்டுத் தலையாட்டுவாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று மதியம், சாப்பாட்டு மேஜை மேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் அழகழகான கட்டங்கள். ‘தண்ணி வேணும்’, ‘லைட்டை அணைங்க’, ‘சாப்பிட்டாச்சா’. அக்காவுக்குக் கண் பளபளத்தது. கழுத்துத் துளையை மூடிய துணியைச் சரி செய்துகொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அத்தான் சுவரோரமாக நின்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் மெஷினைத் திறப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறக்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அக்கா ‘சாப்பிட்டாச்சா’வை அழுத்தினாள்.

லினக்ஸோடு இலவசமாக வருகிற மெஷின் குரல் பேசியது. தட்டையான ஆண் குரல், துண்டு துண்டாக. “சாப், பிட், டாச், சா.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ தவறான கட்டம் என்று நினைத்திருப்பாள் போல. அடுத்ததை அழுத்தினாள். அதே குரல். திட்டு ஒன்றை அழுத்தினாள். அதே குரல், பஸ் புறப்படும் நேரத்தை அறிவிப்பது மாதிரி திட்டியது. அப்புறம் மூன்று ‘குட்டிம்மா’வையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தன.

அப்போதுதான் அத்தான் சொன்னார். சுருக்கமாக, ஒளிக்காமல், பென் டிரைவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். “தேடிப் பார்த்தேன்மா. எதுவும் கெடைக்கல” என்று முடித்தார்.

அக்கா எழுந்தாள். வாயைத் திறந்தாள். உதடு, தாடை, கண், கை எல்லாம் அசைந்தன. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. கடை நடுவில் நின்று திட்டுவாளே, அதே கைவீச்சு. அவர் கண்ணை எடுக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நிறுத்தியதும், “புரியலம்மா” என்றார். “மெதுவாச் சொல்லு.”

அவள் மறுபடி சொன்னாள். அவருக்கு மறுபடியும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

அவள் உட்கார்ந்து கீபோர்டை இழுத்துக்கொண்டாள். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள். நான் அடித்துக் கொடுக்கிறேன் என்று கை நீட்டியதற்குத் தட்டிவிட்டாள். அடித்து முடித்துப் பேசுகிற பொத்தானை அழுத்தினாள்.

“குரல் இருக்குன்னுதான் சரின்னேன்,” என்றது அந்த ஆண் குரல். “இல்லன்னா ஆபரேஷனுக்கே போயிருக்க மாட்டேன்.”

அத்தான் சுவரில் சாய்ந்துகொண்டார். “கேட்டுச்சு” என்றார்.

அவள் அந்தப் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினாள்.